மீன் தேடும் கருவி: வாங்கும் முன் அறிய வேண்டியவை

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள வளவனூர், கடற்கரை ஊர் அல்ல. எனினும், அங்கு ரயில் ஏறினால் வில்லியனூரைக் கடந்து சிறிது நேரத்திலேயே கடற்காற்றை உணர்ந்துவிடலாம். வடக்கே மரக்காணத்திலிருந்து தெற்கே கோட்டக்குப்பம் வரை நீளும் விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் ஃபைபர் படகுகளைக் காணாமல் செல்ல முடியாது. பிழைப்புக்காகக் கடலுக்குச் செல்வோர் ஒருபுறம்; விடுமுறை நாளில் தூண்டிலுடன் படகேறும் ஆர்வலர்கள் மறுபுறம். இருசாராரும் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: சிறிய படகுக்கு எந்த 'ஃபிஷ் ஃபைண்டர்' ஏற்றது?

எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. இந்தக் கருவிகள் சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி லட்சங்கள் வரை விற்கப்படுகின்றன. பொழுதுபோக்குக்காக வாங்குபவருக்குத் தவறான தேர்வு வெறும் பணநஷ்டம். இயந்திரத்துக்கும் வலைக்கும் ஏற்கெனவே கடன்பட்டிருக்கும் ஒரு மீனவக் குடும்பத்துக்கு, அது மேலும் ஒரு கடன். எனவே, விளம்பரத்தில் காணும் வண்ணத் திரையைப் பார்ப்பதற்கு முன்பு, கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம்.

கடல் நீரில் ஒளி விரைவில் மங்கிவிடும். ஒலியோ நெடுந்தொலைவு செல்லும். மீன் தேடும் கருவியின் அடிப்படை இதுதான். படகின் அடியில் பொருத்தப்படும் 'டிரான்ஸ்டியூசர்' என்ற உணரி, மனிதச் செவிக்குக் கேட்காத ஒலித்துடிப்பை நீருக்குள் அனுப்புகிறது. அது தரையிலோ மீனிலோ பட்டு எதிரொலியாகத் திரும்புகிறது. சென்று திரும்பிய நேரத்தைக் கொண்டு ஆழம் கணக்கிடப்படுகிறது. கடல் நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். ஆகவே, 15 மீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்பி வர நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும்.

நம் மீனவர்கள் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, விரித்த இரு கைகளின் நீளமான 'பாகம்' என்ற அளவால் ஆழத்தைக் கணித்து வந்தனர். கயிறு செய்த அந்த வேலையைத்தான் இன்று ஒலி செய்கிறது. 1912-இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கிய பிறகு, நீருக்குள் இருப்பதை ஒலியால் அறியும் முயற்சிகள் வேகம் பெற்றன. ஜெர்மானிய இயற்பியலாளர் அலெக்சாண்டர் பேம் 1913-இல் எதிரொலி ஆழமானிக்குக் காப்புரிமை பெற்றார். உலகப் போர்களில் நீர்மூழ்கிகளைத் தேட அந்நுட்பம் வளர்ந்தது. போருக்குப் பின்னர், ஜப்பானின் நாகசாகியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் 1948-இல் அதை மீன் தேடும் கருவியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் லோரன்ஸ் நிறுவனம், பொழுதுபோக்கு மீன்பிடிப்பாளர்கள் கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறு பெட்டியாக அதைச் சுருக்கியது.

முதலில் நீக்க வேண்டியது ஒரு தவறான எண்ணத்தை. திரையில் தெரிவது கடலுக்கு அடியில் எடுக்கப்பட்ட புகைப்படம் அல்ல. படகுக்கு முன்னால் உள்ள காட்சியும் அல்ல. திரையின் வலது ஓரம் இந்த நொடியில் திரும்பிய எதிரொலி. இடப்புறம் நகர நகர அது கடந்துபோன காலத்தின் பதிவு. ஓடும் படகின் அடியில் ஒரு மீன் வந்து விலகும்போது, அதற்கும் உணரிக்கும் உள்ள தொலைவு குறைந்து மீண்டும் கூடுகிறது. அதனால்தான் மீன் திரையில் வில் போன்ற வளைவாகத் தெரிகிறது. படகும் மீனும் அசையாமல் நின்றால், ஒரே மீன் நீண்ட கோடாகத் தெரியும். அதைப் பெரிய மீன் என்றோ, மீன் திரள் என்றோ கருதினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இனி, தேர்வுக்கு வருவோம். முதல் அளவுகோல், நாம் மீன்பிடிக்கும் இடத்தின் ஆழம். அடுத்தது, கருவியின் அதிர்வெண். பெரும்பாலான கருவிகள் 50 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் இயங்குகின்றன. 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஆழமாகச் செல்லும். ஆனால், அருகருகே உள்ள இரு பொருள்களைப் பிரித்துக் காட்டும் திறன் குறைவு. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கடல் நீர் விரைவில் உறிஞ்சிவிடும். ஆனால், ஆழம் குறைந்த இடத்தில் தெளிவான விவரம் தரும். கரையோரத்தில் சில பத்து மீட்டர் ஆழத்துக்குள் தொழில் செய்யும் ஃபைபர் படகுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் போதுமானது. ஆழ்கடலுக்கான குறைந்த அதிர்வெண் உணரிக்குப் பெருந்தொகை கொடுப்பது தேவையற்றது.

ஒரே அதிர்வெண்ணை அனுப்பாமல், ஒவ்வொரு துடிப்பிலும் ஓர் அதிர்வெண் வரிசையையே தொடர்ந்து அனுப்பும் 'சிர்ப்' என்ற நுட்பம் இப்போது நடுத்தர விலைக் கருவிகளிலும் வந்துவிட்டது. தரைக்கு மிக அருகில் நீந்தும் மீனைத் தரையிலிருந்து பிரித்துக் காட்டுவதில் இது சிறந்தது. பாறை மீன்களைத் தூண்டிலில் பிடிப்பவருக்கு இதற்காகச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பதில் பொருள் உண்டு.

ஒலிக்கற்றை கூம்பு வடிவில் விரிந்து செல்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 20 பாகைக் கூம்பு, 10 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 3.5 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை மட்டுமே காண்கிறது. 20 மீட்டர் ஆழத்தில் 7 மீட்டர். 45 பாகைக் கூம்பு அதே 20 மீட்டர் ஆழத்தில் 16 மீட்டருக்கும் அதிகமான வட்டத்தைக் காணும். ஆனால், அந்த வட்டத்தில் மீன் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைச் சாதாரணக் கருவி சொல்லாது. அகன்ற பார்வையும் துல்லியமும் ஒருசேரக் கிடைப்பதில்லை. ஆழம் குறைந்த இடத்தில் அகன்ற கூம்பும், ஆழமான இடத்தில் குறுகிய கூம்பும் பயன் தரும்.

மூன்றாவது, ஆற்றல். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் வாட் எண்ணிக்கை சில நேரங்களில் உச்ச அளவைக் குறிக்கும். உண்மையில் ஒப்பிட வேண்டியது 'ஆர்எம்எஸ்' எனப்படும் சராசரி ஆற்றல். உச்ச அளவு அதைப்போல் எட்டு மடங்காகவும் குறிப்பிடப்படுவதுண்டு. கரையோரப் படகுக்கு 300 முதல் 500 வாட் வரை ஆர்எம்எஸ் ஆற்றல் தாராளம். அதேபோல், அதிகபட்ச ஆழம் என்று அச்சிடப்பட்டிருப்பது நன்னீருக்கா, உப்பு நீருக்கா என்பதைக் கேட்டறிய வேண்டும். உப்பு நீரில் அந்த ஆழம் கணிசமாகக் குறையும்.

நான்காவது அளவுகோலில்தான் நம் கடற்கரைக்கே உரிய சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டு விளக்கப் புத்தகங்கள், துறைமுகத்தில் மிதந்தபடி நிற்கும் படகை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் படகுகளோ அலைகளைத் தாண்டிக் கரையேறுபவை. மணலில் இழுத்து ஏற்றப்படுபவை. படகின் பின்பலகையில் திருகி வைக்கப்பட்ட உணரி, சில நாள்களிலேயே மணலில் உரசி உடையக்கூடும். அடித்தளத்தைத் துளைத்துப் பொருத்தும் வகையும் இங்கு ஒத்துவராது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கழற்றி மாட்டக்கூடிய கம்பியில் உணரியைக் கட்டி, மீன்பிடிக்கும் இடத்தை அடைந்த பிறகு படகின் பக்கவாட்டில் நீருக்குள் இறக்குவது. செலவு குறைவு, படகை ஓட்டும்போது தூக்கிவிட வேண்டும் என்பதுதான் இடர்ப்பாடு. மற்றொன்று, படகின் உட்புறத்திலேயே அடித்தளத்தில் காற்றுக் குமிழி இல்லாமல் பசையால் ஒட்டிவிடுவது. திடமான கண்ணாடியிழை வழியாக ஒலி ஊடுருவும். மரத்தின் வழியாகவோ, இரு அடுக்குகளுக்கு நடுவே நுரைப்பொருள் நிரப்பிய தளத்தின் வழியாகவோ பயன்தரும் அளவில் ஊடுருவாது. மேலும், இம்முறையில் எதிரொலியின் வலிமை சற்றுக் குறையும்; நீரின் வெப்பநிலையை அறிய முடியாது.

ஒட்டுவதற்கு முன்பு ஓர் எளிய சோதனை போதும். படகைத் தண்ணீரில் நிறுத்தி, நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பைக்குள் உணரியை வைத்து, அதை அடித்தளத்தின் மீது அழுத்திப் பிடித்துத் திரையில் ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே இடத்தில் கயிற்றில் ஈயக்குண்டை இறக்கி அளக்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒத்திருந்தால் ஒட்டலாம். நம் வெதுவெதுப்பான கடலில் ஒலியின் வேகம் 1,540 மீட்டரை நெருங்குவதால், சிறு வேறுபாடு இயல்பே. 30 மீட்டர் ஆழத்தில்கூட அது ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும்.

எம்முறையில் பொருத்தினாலும், இயந்திரத்தின் விசிறி கிளப்பும் குமிழிகளிலிருந்து உணரி விலகியிருக்க வேண்டும். ஒலிக்குக் காற்று ஒரு சுவர். விலை உயர்ந்த கருவியும் குமிழிகளுக்கு நடுவே குருடாகிவிடும். உணரியின் கம்பியை இயந்திரத்தின் மின்கம்பிகளுடன் சேர்த்துக் கட்டினால், திரை முழுவதும் பொய்யான கோடுகள் தோன்றும்.

ஐந்தாவது, மின்சாரம். கயிற்றை இழுத்து இயக்கும் சிறு இயந்திரங்களில் பெரும்பாலும் பேட்டரி இருப்பதில்லை. ஆகவே, கருவிக்கெனத் தனியாக 12 வோல்ட் பேட்டரி வேண்டும். ஐந்து அங்குலத் திரையுள்ள கருவி சுமார் ஓர் ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளும். 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி, காகிதக் கணக்கில் ஏழு மணி நேரம் தாங்க வேண்டும். பேட்டரி கெடாமல் இருக்கப் பாதியளவே பயன்படுத்துவது நல்லது. கருவியின் பெரிய திரைக்கு ஆசைப்படுபவர், அதற்கேற்ற பேட்டரியின் எடையையும் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஃபியூஸ் இல்லாமல் இணைப்பது ஆபத்து.

திரையைக் கடையின் நிழலில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நண்பகல் வெயிலில், வெயில் கண்ணாடி அணிந்த கண்ணால் பார்க்க வேண்டும். நீர் புகாத தன்மைக்கு 'ஐபிஎக்ஸ்7' தரம் உள்ளதா என்று கேட்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் கெடாது என்பது அதன் பொருள். பழுது ஏற்பட்டால் சென்னையிலோ புதுச்சேரியிலோ சரிசெய்ய ஆள் உண்டா என்பதும், உதிரி உணரி தனியாகக் கிடைக்குமா என்பதும் கருவியின் விலைக்கு நிகரான கேள்விகள். ஒவ்வொரு நாளும் கரை திரும்பியதும் நன்னீரால் துடைத்து வைத்தால் கருவியின் ஆயுள் நீளும்.

ஏரியிலும் அணையிலும் தூண்டில் போடுபவர்களின் தேவை வேறு. 32 அடி உயரம் கொண்ட வீடூர் அணை போன்ற நீர்நிலையில் ஆழ்கடல் கருவியால் பயனில்லை. நீரில் வீசினால் மிதந்தபடி கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் சிறு உருண்டைக் கருவியே போதும். நீர்நிலைகளில் மீன்பிடிக்கும் உரிமை குத்தகைதாரரிடமோ அரசிடமோ இருக்கும் என்பதால், முன் அனுமதி பெற வேண்டும். மரக்காணத்தை ஒட்டிய கழுவெளியோ பறவைகள் சரணாலயம். 2024-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சதுப்பு நிலம். அங்கு தேவை தொலைநோக்கிதான். மேலும், மிகவும் ஆழம் குறைந்த நீரில் இக்கருவிகள் ஒழுங்காக இயங்குவதில்லை. அனுப்பிய துடிப்பின் அதிர்வு அடங்குவதற்குள் எதிரொலி திரும்பிவிடுவதே காரணம்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும், கருவி காட்டுவது எல்லாம் மீன் அல்ல. காட்டாதது எல்லாம் வெறும் நீரும் அல்ல. மீனின் உடலில் ஒலியை வலுவாகத் திருப்பி அனுப்புவது அதன் காற்றுப்பை. அப்பை இல்லாத சுறாவும், நம் சந்தையில் அதிக விலைபோகும் வஞ்சிரமும் மங்கலாகவே தெரியும். கணவாய்க்கும் அதே நிலைதான். மாறாக, குமிழிக் கூட்டமும் மிதக்கும் பாசியும் மீனாகத் தோன்றலாம். எதிரொலிகளை மீன் படங்களாக மாற்றிக் காட்டும் வசதி சில கருவிகளில் உண்டு. புதியவரைக் கவரும் அந்த வசதியை அணைத்துவிட்டு, வளைவுகளைப் படிக்கப் பழகுவதே மேல்.

உண்மையில், சிறு படகுக்கு இக்கருவி செய்யும் பேருதவி மீனைக் காட்டுவது அன்று, தரையைக் காட்டுவது. கடினமான தரை தடித்த பட்டையாகவும், சேறு மெல்லியதாகவும் தெரியும். பாறையை முன்கூட்டியே அறிந்தால் வலை கிழியாது. செயற்கைத் திட்டுகள் அமைக்கப்பட்ட இடத்தைத் துல்லியமாகக் கண்டறியலாம். ஜிபிஎஸ் இணைந்த கருவியானால், அந்த இடத்தைக் குறித்து வைத்து மீண்டும் செல்லலாம்; மூடுபனியிலும் இருளிலும் கரை திரும்பும் வழியையும் அறியலாம். ஒரே ஒரு கூடுதல் வசதிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அது ஜிபிஎஸ்ஸாக இருக்கட்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. படகில் உள்ள அனைவருக்கும் உயிர்காப்பு மிதவை உடையும், கரையுடன் பேச வழியும் இல்லாதவர், மீன் தேடும் கருவி வாங்க யோசிக்கவே கூடாது. 2017-இல் ஒக்கி புயலில் நாம் கொடுத்த விலை, தகவல் தொடர்பு இல்லாத படகின் நிலையை உணர்த்தியது. கடலோரக் காவல் படையின் 1554 என்ற அவசர உதவி எண், எந்தத் திரையையும்விட முக்கியமானது.

தகவல் என்பது தனியொருவரின் பையில் உள்ள பணத்தைப் பொறுத்ததாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இப்பகுதியே சான்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. புதுச்சேரியை ஒட்டிய வீராம்பட்டினத்தில், இணையத்தில் கிடைத்த அலை உயர முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராம மக்களை எச்சரித்து உயிர் காத்ததும் அத்தகைய ஒலிபெருக்கிதான்.

இன்று ஹைதராபாதில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் வழியாகக் கடற்பரப்பின் வெப்பநிலையையும் பச்சையத்தையும் கணித்து, மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளைக் கட்டணமின்றி அறிவிக்கிறது. எந்தத் திசையில், எவ்வளவு தொலைவு செல்வது என்பதை அது சொல்கிறது. அங்கு சென்ற பிறகு படகின் அடியில் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே கருவி சொல்கிறது. முன்னதைப் பயன்படுத்தாமல் பின்னதற்குச் செலவழிப்பது, முகவரி தெரியாமல் வீட்டைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

இன்னொரு கேள்வியையும் தவிர்க்க இயலாது. எல்லாப் படகுகளுக்கும் இந்தக் 'கண்' கிடைத்துவிட்டால் கடலில் மீன் மிஞ்சுமா? மீன் திரளின் இடம் தெரிந்தால்தான் சுருக்குமடி வலையை வளைத்துப் போட முடியும். தமிழக அரசு தடை செய்த அவ்வலைக்கு, 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரு நாள்கள் மட்டும் உச்சநீதிமன்றம் 2023-இல் இடைக்கால அனுமதி அளித்ததும், அதையொட்டி மீனவர்களிடையே நிலவும் பிணக்கும் நாம் அறிந்தவை. பெரிய படகுகள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் நுட்பத்தைச் சிறு படகுக்கு மறுப்பது நியாயமல்ல. ஆனால், கருவி மீனைக் கண்டுபிடிக்குமே தவிர, உருவாக்காது. குஞ்சு மீன்களையும் சினை மீன்களையும் விட்டுவிடும் ஒழுக்கம் இல்லாவிட்டால், நாளை திரையில் தெரிவதற்கு ஒன்றும் இராது. பொழுதுபோக்குக்காகச் செல்வோர் இதில் கூடுதல் பொறுப்புடன் இருக்க வேண்டும். அவர்களுக்கு அது ஒரு நாள் மகிழ்ச்சி, மீனவருக்கு அதுவே அன்றாட அடுப்பு.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. கருவிகளுக்கு மானியம் வழங்குவதுடன் கடமை முடிந்துவிடாது. திரையைப் படிக்கத் தெரியாதவரிடம் கருவி வெறும் சுமை. தமிழில் பட்டியலும் கையேடும் உள்ள கருவிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். மீன்வளத் துறையும், நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகமும் இணைந்து, மரக்காணம் போன்ற ஊர்களின் கரையிலேயே, மீனவர்களின் சொந்தப் படகுகளிலேயே செயல்முறைப் பயிற்சி அளிக்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால், கரையோரச் சிறு படகுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் அல்லது சிர்ப் நுட்பமும், ஐந்து அங்குலத் திரையும், ஜிபிஎஸ் வசதியும், மணலில் உடையாதவாறு பொருத்தும் முறையும் கொண்ட நடுத்தர விலைக் கருவி போதும். எஞ்சும் பணம் உயிர்காப்பு உடைக்கும் பேட்டரிக்கும் செல்லட்டும். காற்றின் திசையையும் நீரின் நிறத்தையும் பறவைகள் இறங்கும் இடத்தையும் கொண்டு மீனை அறிந்த பெரியவர்கள் இன்னும் நம் குப்பங்களில் இருக்கிறார்கள். அவர்களது அறிவுடன் சேரும்போதுதான் எந்தக் கருவியும் அதன் விலைக்கு உரியதாகும்.